குழாய்க்குப் பின்னால் ஓர் ஆள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. கேன்டீன் சாமான் வாங்க மாதம் ஒருமுறை டவுனுக்கு வரும் பழைய பட்டாளத்துக்காரர்கள் நாங்கள் அங்கேதான் உட்காருவோம். சோப்பு, எண்ணெய், பாட்டில் எல்லாம் பையில் பத்திரமாக இருக்கும். பஸ் வரும்வரை வாய் சும்மா இருக்காது. பீரங்கிப் படையில் இருந்தவன் பீரங்கியைப் பற்றிப் பேசுவான். காலாட்படைக்காரன் நாலு பேர் சேர்ந்துவிட்டால் எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு டாங்கில் வந்து நிற்கும். தோளில் வைத்து டாங்கை அடிக்கிற ராக்கெட் லாஞ்சரில் எது உசத்தி என்று சண்டை போடுவார்கள். சினிமா நடிகனுக்கு ரசிகனாக இருப்பது மாதிரி ஆளுக்கு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். எம்பத்துநாலு மில்லிமீட்டருக்கு ஈடு கிடையாது என்பான் ஒருத்தன். ருஷ்யாக்காரன் குழாய்தான் கையடக்கம் என்பான் இன்னொருத்தன்.

எங்களில் சர்வீஸ் முழுக்கக் குழாய் தூக்கியவன் நான் ஒருவன்தான். அதனால் ஒருநாள் என்னிடமே தீர்ப்புக் கேட்டார்கள். உங்களுக்குப் பிடித்தது எது, சொல்லுங்கள் என்றார்கள். நான் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவருக்குக் கோபம் ஜாஸ்தி என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஜாஸ்திதான். எந்தக் குழாய் எத்தனை இஞ்சு இரும்பைத் துளைக்கும், எவ்வளவு தூரம் போகும் என்று பேசுகிறவர்கள் எல்லாம் அதன் முன்வாயைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பின்வாய் ஒன்று உண்டு. முன்னால் ராக்கெட் போகிற அதே நொடியில் பின்னால் நெருப்பு போகும். எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்பதெல்லாம் அந்தப் பின்வாயில் இருக்கிறது. அதை டீக்கடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கோமுகி அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மீசை அரும்பியிருந்தது. கச்சிராயபாளையத்துப் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்குக் காணி கிடையாது. கரும்பு வெட்டு இருந்தால் சோறு, இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். அணை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஊரே மண் சுமக்கப் போயிற்று. அங்கே எனக்கு ஜோடியாக வந்து சேர்ந்தவன் கல்வராயன் மலைக்காரன். கடுக்காயும் தேனும் விற்க இறங்கி வந்தவன், வேலையைப் பார்த்துவிட்டு அப்படியே தங்கிவிட்டான். நான் மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் போடுவேன். அவன் தலையில் வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடுவான். மலையில் ஏறி இறங்கிய கால், மூச்சு வாங்கவே வாங்காது. சாப்பாட்டு நேரத்தில் அவன் கொண்டுவந்த சாமைச் சோற்றில் பாதி எனக்கு. என் கூழில் பாதி அவனுக்கு.

அணை முடிந்தது. வேலையும் முடிந்தது. எங்கள் கரும்புக் கொல்லைகளுக்குத் தண்ணீர் வந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கொல்லை வைத்திருந்தவர்களுக்குச் சந்தோஷம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்த வேளைக்கு வழி தெரியவில்லை. மலை அப்போது இன்னும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. உழுகிறவனுக்கு அந்த மண் சொந்தமில்லை. கடலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். உளுந்தூர்பேட்டை வரை அவர் லாரியிலேயே போய், அங்கிருந்து வேறு வண்டி பிடித்தோம். மார்பை அளந்தார்கள், ஓட விட்டார்கள், பல்லைப் பார்த்தார்கள். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இருவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்து பட்டாலியனுக்குப் போனபோது எங்கள் தலையில் ராக்கெட் லாஞ்சரைக் கட்டினார்கள். அதன் வாய் மூன்றரை அங்குலம் என்பதால் அதற்கு மூணரை என்றே பெயர். இரண்டு துண்டாகக் கழற்றித் தூக்கலாம், மாட்டினால் ஓர் ஆள் நீளம் வரும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தோளில் வைத்துக் குறி பார்த்து அடிக்கிறவன் ஒண்ணாம் நம்பர். பின்பக்கமாக ராக்கெட்டைச் செருகி, பற்றவைக்கிற மின்கம்பியை மாட்டிவிட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி, பின்னால் ஆள் இல்லை என்று திரும்பிப் பார்த்து, ஒண்ணாம் நம்பரின் தோளில் ஒரு தட்டுத் தட்டுகிறவன் ரெண்டாம் நம்பர். தட்டு விழுந்த பிறகுதான் விசையை அழுத்த வேண்டும். இருவரும் ஒரே பாஷை, ஒரே பக்கத்து ஆட்கள், சண்டையில் சொன்னால் சட்டென்று புரியும் என்று எங்களையே ஜோடி போட்டார்கள். நான் ஒண்ணாம் நம்பர், அவன் ரெண்டாம் நம்பர். அன்று முதல் எங்களுக்குள் அதுதான் பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி நான் அவனைக் கூப்பிட்டதாகவே நினைவில்லை.

முதல் நாள் ஹவில்தார் ஒரு காலி மரப்பெட்டியைக் குழாய்க்குப் பின்னால் வைத்துவிட்டுச் சுட்டுக் காட்டினார். பெட்டி இருந்த இடத்தில் கருகிய சிலாம்புதான் கிடந்தது. எல்லோரும் ராக்கெட் விழுந்த பக்கம் பார்த்தபோது ரெண்டாம் நம்பர் மட்டும் பெட்டி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க மலையில துப்பாக்கிக்குப் பின்னால நிக்கறவன்தான்டா பொழைக்கறவன்," என்றான் என்னிடம். "இங்க தலகீழாக் கீதே."

அவன் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு லீவில் அவனோடு மலைக்குப் போனபோதுதான் புரிந்தது. கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டு வழியில் ஏறிப் போனோம். சாமை முற்றி நிற்கிற சமயம். காட்டுப்பன்றி வந்து ஒரே நாளில் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். வருஷத்துச் சோறு அதோடு போய்விடும். அவன் அண்ணனிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மருந்தைக் குழலில் கொட்டி, நாரை வைத்து இடித்து, குண்டைப் போட்டு மறுபடி இடித்துத் தயார் பண்ணுகிற சாதி. பொழுது சாய்ந்ததும் ஐந்தாறு பேர் கொல்லை மேட்டில் உட்கார்ந்தோம்.

அண்ணன் முன்னால் குந்தினார். அவருக்கு நேர் பின்னால், அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டைக் கையில் பிடித்தபடி என் ரெண்டாம் நம்பர் குந்தினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லோரும் ஒரே வரிசை, ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன். துப்பாக்கி பிடித்தவனின் கண் பன்றியின் மேலேயே இருக்கும். சொந்த ஆள் எவனாவது குறுக்கே வந்தால் அவனுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் பின்னால் ஓர் ஆள். துண்டைப் பிடித்திருக்கும் வரை சுடக் கூடாது. முன்னால் நம் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு துண்டை விடுவான். விட்டால் சுடலாம். பேச்சு, சத்தம், தட்டு எதுவும் கிடையாது. சிறு வயதிலிருந்து அண்ணனுக்குத் துண்டு பிடித்தவன் இவன்தான்.

பன்றி வந்தது. அண்ணன் குறி வைத்தார். இவன் கை துண்டிலேயே இருந்தது. யாரோ ஒரு பங்காளி பக்கத்துக் கொல்லையில் எழுந்து நின்றிருந்தார் போலிருக்கிறது, அவர் உட்காரும் வரை இவன் விடவில்லை. பிறகு கை விலகியது. அடுத்த மூச்சில் வெடித்தது.

பன்றிக்கறி வேகும்போது நான் கேலி பண்ணினேன். எங்கள் மூணரையை உங்கள் கையில் கொடுத்தால் ஒரு வேட்டுக்கு ஊரே பொசுங்கிப் போகும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பின்னால் நிற்க முடியாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு எப்படி நம்பிச் சுடுகிறீர்கள் என்று நிஜமாகவே கேட்டார். தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறான் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் சண்டை வந்தது. லீவில் இருந்தவர்களையெல்லாம் தந்தி போட்டு அழைத்துக்கொண்டார்கள். மேற்கு எல்லையில் ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் பிளட்டூனை உட்கார வைத்தார்கள். எதிரே கரும்புத் தோட்டம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்பு மாதிரியே, ஆள் உயரத்துக்கு மேல். அந்த வயலைப் பார்த்த முதல் நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது. கரும்பு ஒடிகிற சத்தம் எங்களுக்குப் பழக்கம், எது வந்தாலும் காது காட்டிக்கொடுக்கும் என்று ரெண்டாம் நம்பரிடம் சொன்னேன்.

காட்டிக்கொடுத்தது. விடிந்தும் விடியாத பனியில் கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. வெட்டுகிற சத்தமில்லை, கூட்டமாகப் படுக்கிற சத்தம். வயலே எழுந்து எங்களை நோக்கி நடந்து வருகிற மாதிரி இருந்தது. ஜீப்பில் வைத்த பெரிய பீரங்கி பக்கத்துக் கம்பெனியோடு தூரத்தில் இருந்தது. எங்களிடம் இருந்தது இந்த ஒரு குழாயும், ஒரு கையால் எண்ணிவிடக்கூடிய ராக்கெட்டும்தான். துப்பாக்கியில் சொருகி அடிக்கிற வெடிகுண்டும் கொஞ்சம் இருந்தது, அதை நம்பி யாரும் இல்லை. மூணரையோ கிட்டே வந்தால்தான் வேலை செய்யும். டாங்கை அவ்வளவு கிட்டே வரவிட்டுக் காத்திருப்பது என்றால் என்னவென்று அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். வாயில் எச்சில் இருக்காது. மூத்திரம் போனது தெரியாது.

முதல் ராக்கெட் மண்ணில் விழுந்தது. அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாவது பட்டது, ஆனால் சாய்வாகப் பட்டுத் தெறித்துப் போய்விட்டது. டாங்க் எங்களைக் கண்டுகொண்டது. அது அடித்த குண்டு எங்களுக்குப் பின்பக்கம் கரையில் விழுந்தது. மண் அள்ளிக் கொட்டியது. காதில் ஒரே ரீங்காரம். நான் நிமிர்ந்து முட்டி போட்டேன். ரெண்டாம் நம்பர் மூன்றாவது ராக்கெட்டைச் செருகுவது குழாயின் அசைவில் தெரிந்தது. கம்பி மாட்டினான். இனி தோளில் தட்டு விழும் என்று காத்திருந்தேன்.

தட்டு விழவில்லை. என் இடுப்பு பெல்ட் பின்பக்கமாக இறுகியது. யாரோ அதைக் கொத்தாகப் பிடித்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. எனக்குத் தெரிந்துவிட்டது. குண்டு விழுந்த அதிர்ச்சியில் அவன் உடம்பு படித்த டிரில் எல்லாம் போய்விட்டது. அதற்கு முன்னால் மலையில் படித்தது மட்டும் மிச்சம் இருந்தது. ஆபத்து முன்னால் வருகிறது, அவன் எனக்குப் பின்னால் குந்திவிட்டான். குழாயின் பின்வாய் அவன் முகத்துக்கு நேராக இருந்தது.

"பின்னால நிக்காதடா, பக்கத்துல வா," என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவனுக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது. இடுப்பை உதறினேன். பிடி இன்னும் இறுகியது. டாங்க் திரும்பியது. எங்கள் பக்கம் இல்லை, இடது பக்கம். அங்கே மெஷின்கன் குழியில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஓட இடமில்லை. டாங்கின் சக்கரப் பட்டையில் கரும்புச் சோகை சிக்கிச் சுற்றிச் சுற்றி வருவதை நான் பார்த்தேன், அவ்வளவு கிட்டே. திரும்பியதால் அதன் விலாப்பக்கம் எனக்குத் தெரிந்தது. அடித்தால் இப்போது அடிக்க வேண்டும். அடித்தால் அவன் எரிவான். அடிக்காவிட்டால் குழியில் இருக்கிறவர்கள் மண்ணோடு போவார்கள், பிறகு நாங்கள் இருவரும் போவோம். என் விரல் விசையில் இருந்தது. அழுத்த வரவில்லை. கடவுளே, இவனை யாராவது இழுத்துப் போடுங்களேன் என்று அழுதேன். உண்மையாகவே அழுதேன், குறியில் கண்ணை வைத்துக்கொண்டு.

அப்போது அவன் கை பெல்ட்டை விட்டது.

நான் அழுத்தினேன்.

டாங்க் நின்றது. அதன் விலாவில் புகை வந்தது, பிறகு உள்ளேயிருந்து வெடித்தது. குழியில் இருந்தவர்கள் எழுந்து கத்தியது உதட்டசைவில் தெரிந்தது. நான் குழாயைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, முகத்தைத் தொடாமல் வைத்திருந்தான். தொடுவதற்கு அங்கே தோல் இல்லை. நான் கையைப் பிடித்ததும் அது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

"பட்டுதா?" என்று வாயசைத்தான்.

வாயால் சொல்லிப் பயனில்லை. அவன் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு ஆமாம் என்று ஆட்டினேன்.

"செரி," என்றான்.

இதற்குமேல் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் ஏன் கையை விட்டான்? முன்னால் இருப்பது அண்ணன், வருவது பன்றி, குறுக்கே நம் ஆள் யாரும் இல்லை என்று பழைய புத்தியில் விட்டானா? இல்லை, தெளிந்துவிட்டு, தான் எங்கே குந்தியிருக்கிறோம் என்று தெரிந்து, ஒதுங்க நேரமில்லை என்றும் தெரிந்து, அடி என்று சொல்லித்தான் விட்டானா? நான் கேட்டதில்லை. கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்வான். எதைச் சொன்னாலும் என்னால் தாங்க முடியாது. ஆபீசர் வந்து என் முதுகில் தட்டிச் சபாஷ் என்றார். நான் அவர் கையை உதறிவிட்டேன். சண்டைக் களைப்பு என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு கண் அங்கேயே போயிற்று. இன்னொன்றைக் காப்பாற்றிவிடலாம் என்று மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் போயிற்று. காது மட்டும் பாதி திரும்பியது. நான் அடுத்த லீவில் வருவதற்குள் அவனை டிஸ்சார்ஜ் பண்ணி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் எந்த லீவிலும் எங்கள் வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு மறுநாளே மலை ஏறிவிடுவேன். வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருப்பான். கட்டை விரலால் தடவி ஓட்டை எடுப்பான், கொட்டையைத் தனியாகப் போடுவான். என் நடையைக் கேட்டதும் "ஒண்ணாம் நம்பரு வந்துட்டான்" என்று வீட்டுப் பக்கம் திரும்பிச் சொல்வான். பட்டாலியனில் யார் இருக்கிறார்கள், யார் மாறிப் போனார்கள், மெஸ்ஸில் சப்பாத்தி இன்னும் அதே தோல்தானா என்றெல்லாம் விசாரிப்பான். அந்தக் காலையைப் பற்றி மட்டும் அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன்.

அவன் அண்ணன் நல்ல மனுஷன். தம்பிக்குக் கண் போனாலும் காது கொஞ்சம் இருக்கிறதே என்று கொல்லைக் காவலுக்குக் கூட்டிப்போய் பழையபடி பின்னால் உட்கார வைத்திருக்கிறார். துண்டையும் கையில் கொடுத்திருக்கிறார். அது பேருக்குத்தான், அவரே சுற்றிப் பார்த்துச் சுட்டுக்கொள்வார். ஆனால் கை விலகினால் சுடுவது அவருக்கும் உடம்பில் ஊறிய பழக்கம். ஒருநாள் இவன் கை தன்னால் விலகியது. அவர் சுட்டுவிட்டார். வரப்பில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் கூடையில் குண்டு பாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. அதோடு இவனைக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் மேட்டுக்குப் போகும் நேரத்தில் இவன் வாசலில் எழுந்து நிற்பானாம். அவர்கள் பேச்சு தேய்ந்து மறைகிற வரை நின்றுவிட்டு உட்காருவானாம். இதைச் சொல்லும்போது அண்ணன் அழுதார்.

"அவன் யாருக்கும் பின்னால நிக்க முடியாம பூட்டான் தம்பி," என்றார். "அதான் அவனைத் தின்னுது."

சில வருஷம் கழித்து எங்களுக்குப் புதுக் குழாய் வந்தது. எம்பத்துநாலு. அதை ஏற்பதற்கு முன் பழைய ஆட்களை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் இரண்டையும் சுட வைத்து, உனக்கு எது பிடித்திருக்கிறது, நீ சண்டைக்கு எதைத் தூக்கிப் போவாய் என்று ஒவ்வொருவரிடமும் ஓர் ஆபீசர் கேட்டார். எம்பத்துநாலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூணரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம்தான், ஆனால் தோளில் உட்கார்ந்தால் அசையாது. குறி வைத்த இடத்தில் போய் விழும். மூணரை அடித்தால் தெறித்துப் போகிற டாங்கை இது உடைத்துவிடும். எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் அன்று ஒரு குறிகூடத் தவறவில்லை.

சுட்டு முடித்துவிட்டு, எல்லோரும் இலக்கைப் பார்க்க முன்பக்கம் போனபோது நான் பின்பக்கம் நடந்தேன். புல் எவ்வளவு தூரம் கருகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். மூணரைக்குக் கருகியிருந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. மண்கூட உழுத மாதிரி கிளறிக் கிடந்தது. என் முறை வந்தபோது எனக்கு மூணரைதான் பிடித்திருக்கிறது என்றேன். ஏன் என்றார் ஆபீசர். பின்னால் நெருப்பு கம்மி என்றேன். பின்னால் ஆள் நிற்கக் கூடாது என்பதுதான் டிரில்லிலேயே இருக்கிறதே, அப்புறம் கம்மியாக இருந்தால் என்ன, ஜாஸ்தியாக இருந்தால் என்ன என்றார். அவர் கேட்டது நியாயம். பக்கத்தில் நின்ற ஒருத்தன், கனம் தூக்கச் சோம்பல் சார் இவனுக்கு என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதற்குத் தண்டனையும் வாங்கினேன். நான் என்ன சொன்னாலும் எம்பத்துநாலு வந்தது, அதைத்தான் நான் கடைசிவரை தூக்கினேன்.

அதற்கடுத்த லீவில் மலை ஏறினேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவன் அதே வாசலில் இருந்தான். இளைத்துவிட்டான். சட்டைக் கழுத்துக்குள் எலும்பு தெரிந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணன் சாடையாகச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். புதுக் குழாய் வந்த செய்தி அவனுக்கு எப்படியோ எட்டியிருந்தது. கச்சிராயபாளையம் சந்தைக்கு வந்த லீவுக்காரன் யாரோ சொல்லியிருக்கிறான்.

எத்தனை கனம், எங்கே பிடிக்க வேண்டும், ராக்கெட்டை எந்தப் பக்கமாகப் போடுவது, கம்பி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கம்பி கிடையாது, பின்பக்கத்தைக் கதவு மாதிரி ஒதுக்கிவிட்டு உள்ளே தள்ளி மூடிவிட வேண்டியதுதான் என்றேன். என் கையைக் குழாயாக வைத்துக் காட்டினேன். அவன் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இல்லாத ராக்கெட்டை உள்ளே தள்ளி மூடினான். இரண்டு தடவை செய்தான். விரல் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. நெடுநாளைக்கப்புறம் அவன் முகத்தில் ஓர் உயிர் வந்ததைப் பார்த்தேன். மூன்றாம் தடவை மூடிவிட்டுக் கையை எடுக்காமல் கேட்டான்.

"பின்னால நெருப்பு எப்பிடி? அத்த விட ஜாஸ்தியா?"

அந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறான். கருகின புல்லைப் பற்றிச் சொல்வேனா?

"பின்னால நெருப்பே கெடையாதுடா," என்றேன். "இன்னாவோ புதுசா பண்ணிக்கிறானுங்கோ. பின்னால ஒரு ஆளு குந்திக்கினு இருந்தாக்கூட ஒண்ணும் ஆவாது."

அவன் மெல்லக் கையை எடுத்துக்கொண்டான். மனசு ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டான் என்று அண்ணனுக்கே சந்தோஷம். நானும் அலுப்பில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்து வெளியே வந்தேன். அவன் குளித்திருந்தான். தலையைத் தடவி வாரியிருந்தான். பெட்டிக்குள் கிடந்த பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். இளைத்த உடம்பில் அது தொங்கியது, ஒரு பட்டன் மாறி இருந்தது. டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"பின்னால பாக்க வேண்டியதில்லன்னா ரெண்டாம் நம்பருக்குக் கண்ணு எதுக்குடா?" என்றான். "லோடு பண்ணக் கை போதும். நீ சொன்னா ஆபீசர் கேப்பாரு. என்னையும் கூட்டிக்கினு போ."

அண்ணன் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார். அவனையும் பெட்டியையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இறக்கத்தில் தன்னால் வேகமாக நடக்க முடியாது என்றும், இப்போதே கிளம்பினால்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டு, அவன் பெட்டியின் கைப்பிடியைத் தேடினான்.